மேசைக்காலுக்கு வைத்த கையேடு

நூலகர் பரசுராமன் கல்லூரிக்குத் தர வேண்டியது மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய். கணினியில் நூல் தேடும் பயிற்சிக்காகச் சென்னை போக வாங்கிய முன்பணம் அது. கற்றதைச் செய்து காட்டினால் தள்ளுபடி. "நெல் சாகுபடி புக்கு எந்த அலமாரி? தேடுங்க பாக்கலாம்" என்று முதல்வர் அம்மா பக்கத்தில் நிற்கிறார். மலைப்பக்கத்து ஜன்னல் வெயிலில் கணினித் திரை வெளுத்துக் கிடக்கிறது. பரசுராமனின் விரல் எந்தப் பொத்தானிலும் இறங்காமல் சுற்றுகிறது. பயிற்சியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு மெரினாவுக்குப் போனவர் அவர். அங்கே கொடுத்த கையேட்டை, ஆடுகிற இந்த மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

பெருக்கிக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வருகிறாள். நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகியவள். "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறாள். அலமாரி எண் திரையில் வந்து நிற்கிறது. "யாரும்மா கத்துக்குடுத்தது?" என்கிறார் முதல்வர். "சாருதாங்க மேடம், வேற யாரு?" "பரவால்லையே பரசுராமன், ஆயாவையே தேத்திட்டீங்க!" சிரித்துக்கொண்டே முதல்வர் தள்ளுபடித் தாளை மேசையில் வைத்துக் கையெழுத்திட, மேசை ஆடுகிறது. பரசுராமன் குனிந்து பார்க்கிறார். காலுக்கடியில் கையேடு இல்லை. சுவரோரம் இருக்கும் ரேணுகாம்பாளின் சாப்பாட்டுப் பையிலிருந்து அதன் நைந்த ஓரம் எட்டிப் பார்க்கிறது. "தள்ளுபடி போட்டாச்சு, எழுந்திருங்க சார்" என்கிறார் முதல்வர். காது மடலெல்லாம் சுட, குனிந்தவர் குனிந்தபடியே இருக்கிறார்.