நம்ம தெரு ஆப்

"சாதாரண ஜனங்க மாறவே மாட்டாங்க சார். எழுதி வெச்சுக்குங்க."

ஹிதாயத்துல்லா ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் போட்ட வேகத்தில் தமிழ்மாறனின் டீ தளும்பியது. தமிழ்மாறன் கல்லூரி ஆசிரியர். மாணவர்களிடம் வந்து பேசச் சொல்லி அழைக்கத்தான் முத்தியால்பேட்டையில் இருந்த ஹிதாயத்துல்லாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தார்.

"என்ன பாய் இப்படிச் சொல்றீங்க? தெருவுக்குன்னே தனியா ஒரு ஆப் போட்டுக் குடுத்தீங்களே?"

"குடுத்தேன். அதுக்கு முதலாளி கெடையாது. உள்ள எழுதியிருக்கற புரோகிராமை யார் வேணா பாக்கலாம். நம்ம பேச்சு வெளிய எங்கயும் போவாம, இந்தக் கடை மெஷின் வழியாவே போயி நம்ம தெருவுலயே இருக்கும். நாப்பது வீடு ஏறி எறங்கினேன் சார். ஒரே மாசம்! எல்லாம் மறுபடியும் வாட்ஸப்புக்கு ஓடிட்டாங்க. சொரணையே கெடையாது இந்த ஜனங்களுக்கு!"

வாசலில் மீன் கூடை இறங்கியது. வைத்திக்குப்பம் வசந்தா. மணி பன்னிரண்டு ஆகியும் கூடையில் பாதிக்கு மேல் மீன் கிடந்தது.

"பாய், இந்த ஆப்ல என்னமோ ரிப்பேரு. பத்து நாளா போட்டா போவ மாட்டேங்குது. பக்கத்துல கடிகாரம் மாதிரி ஒண்ணு வந்து நிக்கிது."

"எந்த ஆப்பு?"

"நீங்க போட்டுக் குடுத்ததுதான்."

ஹிதாயத்துல்லா நிமிர்ந்தார். "அதையா இன்னும் வெச்சிருக்க?"

"அதுலதான பாய் போடறேன். படகு வந்ததும் மீன போட்டா புடிச்சி அனுப்புவேன். 'எனக்கு'ன்னு சொல்றவங்களுக்கு எடுத்து வெச்சிடுவேன்."

"வாட்ஸப் குரூப்புலயும் போடுவல்ல?"

"அதுலேந்து அன்னிக்கே வெளிய வந்துட்டேனே! நீங்கதான சொன்னீங்க, ரெண்டுலயும் இருந்தா எதுவும் மாறாதுன்னு."

"சரி, இதுல யாரு வாங்கறாங்க?"

"மொதல்ல நெறைய பேரு கேட்டாங்க. அப்பறம் ஒருத்தரும் கேக்கல. பழகறதுக்கு நாளாவும்னு சொன்னீங்களேன்னு தெனம் போட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

தமிழ்மாறன் அவள் போனை வாங்கிப் பார்த்தார். வரிசையாகப் போட்டோக்கள். கடைசியாக ஒரு வாய்ஸ். தட்டினார்.

"பாய், இன்னிக்கி சங்கரா வந்திருக்கு. ஒங்களுக்குப் புடிக்குமேன்னு நல்லதா நாலு எடுத்து வெச்சிருக்கேன்."

ஹிதாயத்துல்லாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும் பாய். அதைப் பாத்துடலாமே?" என்றார் தமிழ்மாறன்.

பார்க்க ஒன்றும் இல்லை. மெஷின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. இதை இனி யார் பார்க்கிறார்கள், எதற்கு வெட்டியாகக் கரண்ட் என்று பத்து நாளைக்கு முன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டவர் ஹிதாயத்துல்லாவேதான். அதற்கு முன்பும் ஆப்பை ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வசந்தாவின் மீன் தெரிந்திருக்கும்.

"பாய், சரி பண்ணிடலாமில்ல?" என்றாள் வசந்தா நம்பிக்கையாக.

மெஷினுக்கு உரிய அந்த பிளக் பாயின்ட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஹிதாயத்துல்லாவின் போன், தெரு வாட்ஸப் குரூப்பில் வந்த மெசேஜுக்கு 'டிங்' என்றது.