நாலாவது செவ்வாய்

அப்பாவின் கணினி விழித்துக்கொள்வதற்குள் அவள் மூன்று முறை கொட்டாவி விட்டுவிட்டாள்.

இன்றைக்கு இதன் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. வாசலிலேயே அதை அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் காபி போடப் போனார்.

குற்றவாளி வேறு யாருமில்லை, அவளேதான். நாலு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பிரவுசரின் புதுப் பதிப்பை ஊருலகத்துக்கு அனுப்பிவைக்கும் குழுவில் அவளுக்கு வேலை. முதலில் நூற்றில் ஒருவருக்கு. ஏடாகூடமாக ஒன்றும் ஆகவில்லையென்றால் பத்துப் பேருக்கு. பிறகு எல்லோருக்கும். யாரும் கேட்காமலே போய் இறங்கிவிடும். பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது.

அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிடும்.

புகார்கள் குவிந்து அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து போன் வரும். "ஏம்மா, மறுபடியும் எல்லாத்தையும் இடம் மாத்திட்டீங்களா? ஒண்ணுமே புரியலையே!"

பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித்தருவாள். போன தடவை, இடது ஓரத்தில் புதிதாக முளைத்த பட்டையைப் பற்றி இருபது நிமிடம். அது வந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, வந்திருக்கிறது, நீல நிறத்தில் இருக்கிறது என்றார். அது சாம்பல் நிறம். கண்ணைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவர் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆரம்பித்துவிட, எனக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிந்து விழுந்தாள்.

சரிம்மா என்று போனை வைத்துவிட்டார்.

மற்ற நாட்களில் அவர் கூப்பிடுவதில்லை. அவளும்தான்.

கணினி ஒருவழியாக விழித்தது. பிரவுசரைத் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய எண்.

அடியில் ஒரு வரி இருந்தது. இந்தக் கணினி மிகவும் பழையது, இனி இதற்குப் புதிய பதிப்புகள் வராது.

மூன்று வருடமாக இந்தத் திரையில் ஒரு பட்டன்கூட இடம் மாறவில்லை. இடது ஓரத்தில் பட்டை எதுவும் இல்லை. நீலத்திலும் இல்லை, சாம்பலிலும் இல்லை.

நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் நாட்காட்டி. வரப்போகும் செவ்வாயைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். உள்ளே வரும்போதே அதைப் பார்த்திருந்தாள், மாத்திரை வாங்கும் நாளாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த பதிப்பை அவள் அனுப்பப்போகும் நாள் அது.

"நிறுத்திட்டியாம்மா?" காபியோடு வந்து நின்ற அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

அவள் சட்டென்று பிரவுசரை மூடினாள். "இல்லப்பா. இதை நிறுத்தவே முடியாது. வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"பெரிய தொல்லையாப் போச்சு" என்று சலித்துக்கொண்டே அப்பா அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.