ஒதுக்கப்பட்ட இரத்தம்

கண்டியில், ஒரு தனியார் கல்லூரியின் இரத்ததான முகாம். மாணவர் சங்கத் தலைவன் யுகேந்திரன் பேசுவதற்காகக் கதிரையில் ஏறினான். அவனுடைய பாரத்தில் அதன் கால்கள் முனகின.

"எடை கொறஞ்சவங்க குடுக்கக் கூடாதாம். பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாதவங்களும் குடுக்கக் கூடாதாம். இது ரத்தமா, இவங்க பரம்பரைச் சொத்தா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் கண் வைத்திருந்த சிந்துஜாவும் தட்டினாள். அவனுக்கு அது போதாதா? சட்டைக் கையை மடித்துக் காட்டினான்.

"போன வாரம் குத்துன கழுகு இது. இதுக்காக என்னைய ஒதுக்குறாங்க. இப்பவே என் ரத்தத்த எடுக்கச் சொல்லுங்க பாப்போம். எடுக்க மாட்டாங்க."

தாதி தவமணி எழுந்து வந்தார். "போன கிழமை குத்தினது எண்டால் புண் ஆறியிராது தம்பி. கையைத் தாரும், துடைச்சுப் பாப்பம்."

"வேணாம் மிஸ், வலிக்கும்."

ஸ்பிரிட் பஞ்சு ஒருமுறை போய் வந்தது. கழுகின் சிறகு பஞ்சோடு வந்துவிட்டது. மறுமுறை துடைத்தபோது கழுகே இல்லை.

"உம்மட பாகுபாடு போயிட்டுது தம்பி. இனிக் கட்டில்ல ஏறும்."

சிந்துஜா முன்னைவிடப் பலமாகத் தட்டினாள்.

கட்டில் முனக ஏறிப் படுத்த யுகேந்திரன், ஊசியைக் கண்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"மிஸ், அந்த எடை கொறஞ்சவங்க விதி இன்னும் இருக்குதானே?"