மறுப்பாளர் வந்திருக்கிறார்

“சார், நான் வந்தது...”

“நீங்க வந்த விஷயம் எனக்குத் தெரியும். மொதல்ல உட்காருங்க!” என்றார் அரைப்புள்ளி.

அகராதி அலுவலகத்தில் பதிப்பாசிரியருக்கு அதுதான் பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்கமாட்டார். வந்தவர் தோள்பையைத் தரையில் இறக்கினார். ‘ணங்’ என்றது. உள்ளே எத்தனை தடித் தடிப் புத்தகமோ என்று அரைப்புள்ளி பயந்தார்.

பயம் இருக்காதா பின்னே! அங்கே எந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதினாலும், தலைமையகத்திலிருந்து ஒரு மறுப்பாளர் வந்து அதை எதிர்த்து வாதாடுவார். பழகிவிட்டால் இரக்கம் வந்துவிடுமாம், அதனால் ஒவ்வொரு தடவையும் புது ஆள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சொல் அச்சுக்குப் போகும். அரைப்புள்ளியின் இரண்டு சொற்கள் ஏற்கெனவே விழுந்தாயிற்று. இதுவும் விழுந்தால் கிடங்குக்கு மாற்றல். மிச்சக் காலம் முழுக்கப் பழைய அகராதிகளுக்குக் கரையான் மருந்து அடிக்க வேண்டியதுதான்.

வெளியே வரவேற்பு அக்காவின் குரல் ஓங்கியது. “சாக்குப்போக்கெல்லாம் வேணாம்! போன தடவ வந்த பிளம்பரும் இப்படித்தான் நழுவப் பார்த்தாரு. மொதல்ல குழாயப் பாருங்க!”

“ஓ... ஆள் வந்தாச்சா?” என்றார் வந்தவர், சுரத்தில்லாமல்.

“அது கெடக்கட்டும், நம்ம வேலையப் பார்ப்போம்.” அரைப்புள்ளி கதவைச் சாத்தினார். “சொல் இதுதான். ஆங்கிலத்துல ‘ரெஃப்யூட்’. யாராவது வாதம் பண்ணா அதுக்கு ‘இல்லை’ன்னு சொல்றது. எங்கே, மறுங்க பார்ப்போம்!”

வந்தவர் தலையைச் சொறிந்தார். “சும்மா இல்லன்னு சொன்னா யார் சார் ஒத்துக்குவாங்க? போற எடத்துல எல்லாம் எனக்கு இதே பாடுதான். பிரிச்சுப் போட்டு, இதோ பாருங்க, இங்கதான் கோளாறுன்னு கண்ணுல காட்டணும். அப்பத்தான் வாய மூடுவாங்க.”

அரைப்புள்ளி ஆடிப்போனார். அவசர அவசரமாகத் தாளில் திருத்தினார்.

“சரி, சொல்லோட மூலத்துக்கு வாங்க. லத்தீன்ல அதுக்குப் பின்னுக்குத் தள்ளுறதுன்னு அர்த்தம். இதுக்கு என்ன சொல்றீங்க?”

“தள்ளினா மட்டும் போதுமா? கைய எடுத்த உடனே திரும்பி வருமே! வராதபடி அடைக்கணும் சார்.”

“அடடா! எதிராளி மறுபடி வாயே திறக்கக் கூடாதுங்கிறீங்க!” அரைப்புள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மறுப்பாளரை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. தாளையும் பேனாவையும் நீட்டினார். “நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன். போடுங்க கையெழுத்து!”

வந்தவர் திருதிருவென்று விழித்தார். “நான் இன்னும் வேலையே ஆரம்பிக்கலையே சார்?”

அரைப்புள்ளி தாளை மேசைமேல் போட்டார். இதுவே ஆரம்பம் இல்லையா! கிடங்கும் கரையானும் கண்முன்னே வந்து நின்றன.

அப்போது கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த ஒருவர் உள்ளே வந்தார்.

“என்னய்யா, குழாய் நின்னுச்சா?” என்று எரிந்து விழுந்தார் அரைப்புள்ளி.

“என் டையக் கழட்டி இறுக்கிக் கட்டியிருக்கேன். இப்போதைக்கு நிக்கும்.”

சொல்லிக்கொண்டே நனைந்தவர் மேசைமேல் இருந்த தாளை எடுத்தார். “‘வெறுமனே இல்லை என்பது போதாது. பொய் என்று ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்’” என்று வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். பிறகு அரைப்புள்ளியின் கையிலிருந்த பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, அடியில் கையெழுத்துப் போட்டார்.

“இத மட்டும் என்னால மறுக்கவே முடியாது சார். நான் பிளம்பர் இல்லன்னு உங்க வரவேற்பு அக்காகிட்ட அரைமணி நேரமா சொல்லிப் பார்த்துட்டேன்!”