டோரீன் அறுத்த வான்கோழி

"வான்கோழியை இவர்கிட்ட விடுங்க அண்ணி. இவர் அறுக்கட்டும்," என்றாள் என் மனைவி மார்லீன், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல்.

இவர் என்றால் நான். நாற்பது மைலும் மின்சாரக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தவன்.

"இல்ல மார்லீன். இந்த வருஷம் நான்தான். மூணு வாரமா வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் டோரீன்.

நவம்பரில் வரும் நன்றி நாள் விருந்தன்று, முழுசாக வேகவைத்த வான்கோழியை அந்த வீட்டு மேஜையில் துண்டு போட்டு அறுப்பவர் டோரீனின் கணவர் ஹார்லன். மார்லீனின் அண்ணன். முப்பது வருடமாக அது அவர் வேலை. ஏப்ரலில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"அண்ணி சொதப்பட்டும், அடுத்த வருஷம் விருந்தை நம்ம வீட்டுக்கு மாத்திடலாம்," என்று மார்லீன் என் காதில் சொன்னாள்.

மெதுவாகப் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹார்லன் காதிலும் அது விழுந்திருக்கும்.

"எனக்குப் பசியில்ல. நீங்கல்லாம் சாப்பிடுங்க," என்றார்.

"நல்லா இருக்கே! நான் முதல் தடவையா அறுக்கப் போறேன், நீங்க பக்கத்துல இல்லைன்னா எப்படி?" என்று டோரீன் பிடிவாதம் பிடித்தாள்.

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

டோரீன் வான்கோழியின் கால் மூட்டைக் கச்சிதமாகக் கழற்றினாள். பரவாயில்லையே என்று நினைத்தேன். அதோடு சரி. நெஞ்சுக்கறியை எடுத்துக் குறுக்கே வெட்டினாள், நெடுக்கே வெட்டினாள், விரல்நுனி அளவுக்குப் பொடிப்பொடியாக்கிவிட்டாள். காலையும் விட்டுவைக்கவில்லை. பொன்னிறமாக வெந்திருந்த தோல் ஒரு பக்கம், கறி ஒரு பக்கம்.

"ஐயோ அண்ணி! இது வான்கோழியா, பூனைக்கு வைக்கிற சாப்பாடா?"

"கை பழகல மார்லீன். எல்லாரும் மன்னிச்சுக்கோங்க." டோரீனின் முகம் சிவந்துவிட்டது.

நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன்.

அப்போதுதான் ஹார்லன் வாய்விட்டுச் சிரித்தார். ஏழு மாதமாக நாங்கள் கேட்காத சிரிப்பு.

"முப்பது வருஷம் என் பக்கத்துல நின்னு நீ கத்துக்கிட்டது இவ்வளவுதானா? அடுத்த வருஷம் நானே சொல்லித் தரேன். இந்த மேஜையிலதான்!"

மார்லீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாப்பிடும் முன் ஆளுக்கு ஒரு நன்றி சொல்வது அந்த நாளின் வழக்கம். மார்லீன் விட்டுவிடுவாளா?

"என் பல்லுக்கு வேலை வைக்காத அண்ணிக்கு நன்றி."

அடுத்து ஹார்லனின் முறை.

"உங்க எல்லாரோடவும் உட்கார்ந்திருக்கேனே, அதுக்கு நன்றி," என்றார். பசியில்லை என்ற மனிதர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விருந்து முடிந்து, காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எங்களுக்குக் கட்டிக் கொடுக்க, மீதிப் பாதி வான்கோழியை டோரீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே நின்றுவிட்டேன். ஒரே கனத்தில் வரிசையாக விழுந்தன துண்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தோல் பிசகாமல் ஒட்டியிருந்தது. ஹார்லன்கூட இத்தனை வருடத்தில் இப்படி அறுத்ததில்லை.

"டோரீன், இவ்வளவு அழகா அறுப்பீங்களா! அப்புறம் அங்க ஏன் அப்படி..."

"உஷ், மெதுவா." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஒரு கையால கறியை வெட்ட முடியாதுல்ல? அதனால ஏப்ரல்லேர்ந்து அவர் யார் முன்னாடியும் சாப்பிடறதே இல்ல. அவருக்கு மட்டும் நறுக்கி வெச்சா குழந்தைக்கு வெச்ச மாதிரி ஆயிடும். எல்லாருக்கும் நறுக்கிட்டா, எனக்கு அறுக்கத் தெரியலைங்கறதோட போச்சு."