பறக்கிற பின்னல்

தொண்ணூற்றாறின் பனி யன்னலில் அப்பிக்கிடக்க, லாசால் பள்ளி மண்டபத்துக்குள் கூடைப்பந்து தடதடக்கிறது. கடைசி நிமிடம், சமநிலை. குணேஸ்வரி பார்வையாளர் வாங்கில் ஏறி நின்று, "ஓடு வினோஜா, விடாதை!" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். சட்டை நிறமெல்லாம் அவளுக்கு எதற்கு? காலையில் மகளுக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட அந்த நீளப் பின்னல் போதும். பின்னல் பறக்கிறது, பந்து கூடைக்குள் விழுகிறது. "ஐயோ அம்மா, நான் இஞ்சை இருக்கிறன்!" பின்னலை அவிழ்த்துக் குதிரைவால் கட்டிய வினோஜா, மாற்றாட்டக்காரர் வாங்கிலிருந்து முகத்தைப் பொத்துகிறாள். கூடை போட்டவள் எதிரணிக்காரி. ஆதிக்குடிகளான ஒஜிப்வே மக்களின் பள்ளியிலிருந்து வெகுதூரம் பயணித்து வந்தவள். அந்த அணியில் எல்லோருக்கும் பின்னல்தான். அவள் குணேஸ்வரியைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்க, இவளும் இரண்டு கையையும் தூக்கி அசைக்கிறாள். பயிற்சியாளர் வினோஜாவைக் கூப்பிடுகிறார். அவள் உள்ளே ஓடிக்கொண்டே குதிரைவாலை அவிழ்த்து, திரும்பவும் பின்னத் தலைமயிரை மூன்றாகப் பிரிக்கிறாள்.