இன்ஜினைக் கெடுத்தவன்

"இனி இதுக்குப் பால் ஊத்த வேண்டியதுதானுங்ண்ணா" என்றான் மெக்கானிக் டேனியல், பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே.

ஆத்தப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி முதலாளி இன்னும் மொபெட்டில் போவதா என்று மனைவி நச்சரித்ததால், போன மாதம்தான் இந்தப் பழைய ஆம்னி வேனைப் புரோக்கர் மூலம் மலிவாக வாங்கியிருந்தார். அது வீரபாண்டிப் பிரிவில் புகையைக் கக்கி நின்று, கயிறு கட்டி இழுபட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அப்படி என்னதாம்ப்பா ஆச்சு?"

"ரேடியேட்டர் பூரா உப்பு அடைச்சுக் கெடக்குதுங்க. தண்ணி சுத்தாம சூடேறி, ஹெட்டு வளைஞ்சு, பிஸ்டனும் இறுகிப் போச்சு. இன்ஜினை இறக்கி வேலை பாக்கலாம். இல்லாட்டிக் கோயமுத்தூர்ல பழைய இன்ஜின் ஒண்ணு பாத்து மாத்தலாம். ரெண்டும் வேண்டாம்னா எடைக்குப் போட்டறலாம்."

"உப்பா? நான் நல்ல தண்ணியத் தவிர வேற ஊத்துனதே இல்லையே!"

"இது ஒரு மாசத்து உப்பு இல்லீங்ண்ணா. முந்தி வெச்சிருந்தவங்க வருசக்கணக்கா உப்புத் தண்ணி ஊத்தியிருக்காங்க."

செல்போன் அலறியது. அதில் ஒரு கோளாறு. காதோடு ஒட்டி வைத்தாலும் எதிர்ப்பக்கம் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

"ஏனுங்க, வண்டி ரெடியாயிருச்சுங்களா?" மனைவி சாரதாமணி. "வெள்ளிக்கிழமை எந்தம்பி ஊட்டுச் சீருக்குப் போகோணும்."

"இல்ல சாரதா, இன்ஜின் வந்து..."

"அன்னிக்கே சொன்னேன், பழைய வண்டி வேண்டாம்னு. கேட்டீங்களா? நான் சீர்த்தட்டைத் தூக்கிட்டு டவுன் பஸ்ல போறேன். நீங்க அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழுங்க!"

டேனியல் சிரிப்பை அடக்க முடியாமல் டூல்ஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

ஆத்தப்பனின் கோபம் உச்சிக்கு ஏறியது. "உன்ற பைக் சாவியைக் குடு. இன்ஜின் மாத்தறதா, எடைக்குப் போடறதான்னு வித்தவரு மொகத்தைப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

வண்டியை விற்ற ராசப்பனின் தோட்டம் ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில் இருந்தது. பேச்சையெல்லாம் புரோக்கரே முடித்து, இருவரும் அவர் கடையிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டதால், ஆத்தப்பன் அந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடித்துப் போய் இறங்கினார்.

"வாங்க முதலாளி, உக்காருங்க" என்று ராசப்பன் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"தண்ணி குடிக்கவா வந்தேன்? ஏனுங்க ராசப்பண்ணா, உங்களுக்கே இது நல்லாருக்குதுங்களா? உப்புத் தண்ணியா ஊத்தி இன்ஜினைக் கெடுத்துப்போட்டு, என்ற தலையில கட்டிட்டீங்களே!" அத்தனை கோபத்திலும் 'ங்க' மட்டும் விட்டுப்போகவில்லை. "எவன் உப்புத் தண்ணி உட்டானோ, அவன்தான் எனக்கு இன்ஜின் மாத்தித் தரோணும். ஆமாம்!"

ராசப்பன் திகைத்துப்போனார். "என்றகிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு. மொதல்ல தண்ணியக் குடிங்க. பயப்படாதீங்க, வெலைக்கு வாங்குன கேன் தண்ணிதான்."

"நான் குடிக்கறது இருக்கட்டும். வண்டிக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று ஆத்தப்பன் சொம்பை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"வண்டிக்கெல்லாம் கேன் தண்ணி வாங்கக் கட்டுபடியாகுங்களா? கெணத்துத் தண்ணிதானுங்க."

ராசப்பன் கிணற்றில் வாளியை விட்டு இறைத்து வைத்தார். தண்ணீர் செம்மண் நிறத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறத்தில் இருந்தது. வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இதை மாடு கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குமுங்க. தக்காளி ஏத்திட்டு உழவர் சந்தைக்குப் போகத்தான் அந்த வண்டியே வாங்குனேன். அங்க பாருங்க." ராசப்பன் கை காட்டிய இடத்தில் தக்காளி போட்டிருந்த காடு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. "செடி முச்சூடும் கருகிப் போச்சுங்க. தக்காளியே இல்லாதப்ப வண்டி எதுக்குன்னு குடுத்துட்டேன். இப்ப நானும் சம்சாரமும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறோம்."

"கெணத்துல எப்படி உப்பு..." ஆத்தப்பனின் குரல் இறங்கியிருந்தது.

"ஓடைக்கு மேக்கால யாரோ சாயப்பட்டறை வெச்சிருக்காங்களாமுங்க. துணியில சாயம் புடிக்கறதுக்கு மூட்டை மூட்டையா உப்புக் கொட்டுவாங்களாம். வேலை முடிஞ்சதும் அந்தத் தண்ணியை அப்படியே ஓடையில தொறந்து உட்டர்றாங்க. அதுதானுங்க கெணத்துக்கு வந்து, இப்ப உங்க வண்டி வரைக்கும் வந்திருக்குது."

ஆத்தப்பன் ஓடையின் மேற்குப் பக்கமாக ஒரு தரம் பார்த்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்தார்.

"சரி, உடுங்க. வண்டியை நானே பாத்துக்கறேன்" என்று பைக்கை நோக்கி நடந்தார்.

"அதெப்படீங்க உடறது? என்ற பேருல்ல கெட்டுப் போகுது!" ராசப்பன் பின்னாலேயே வந்தார். "நீங்க சொன்னது நாயமுங்க. எவன் உப்புத் தண்ணி உட்டானோ, அவன்தான் இன்ஜின் மாத்தித் தரோணும். நீங்க நாலு பெரிய மனுசங்களைத் தெரிஞ்சவரு. ஆளு யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நானும் கூட வாறேன்."

அப்போது செல்போன் அலறியது. ஆத்தப்பன் பதறிப்போய் அதை அமுக்கப் பார்த்தார். அவசரத்தில் விரல் பச்சைப் பொத்தானில் பட்டுவிட்டது.

"முதலாளி, குமாரவேல் பேசறேனுங்க" என்று கம்பெனி மேனேஜரின் குரல் கிணற்றடி வரைக்கும் கேட்டது. "உப்பு லோடு வந்திருக்குதுங்க. நம்ம சாயத் தொட்டிகிட்டவே இறக்கீரட்டுங்களா?"